மடியும் மருந்தும்
(திருவனந்தபுரம் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் அங்கத்தினர் ஒருவரின் பேத்தி எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். போன வருஷம் என்னிடம் கேட்டாள்: "தாத்தா, கர்ப்பத்தைக் கலைக்கறது மகா பாவம்னு ஆத்துல எல்லாரும் சொல்றா. நாளைக்கு டாக்டரானா, நான் மாட்டேன்னு சொல்லலாமா?"

நான் படித்தது பி.எஸ்ஸி. வேதியியல், வைத்தியன் அல்ல. இருந்தாலும் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த பழக்கம், முதலில் விதியைப் பார்த்தேன். 2002-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த நெறிமுறைகளில் இது இருக்கிறது. மருத்துவக் காரணம் இருக்கும்போது, மதத்தை மட்டும் காரணம் காட்டிக் கருக்கலைப்பையோ கருத்தடையையோ மறுக்கக் கூடாது. தனக்கு அதில் திறமை போதாது என்றால் விலகலாம். பிரிட்டனின் 1967-ம் வருஷச் சட்டம் மனசாட்சிக்கு இடம் தருகிறது. ஆனால் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் அங்கும் விலக்கு கிடையாது.

அயர்லாந்தில் 2012-ல் நடந்ததைப் பலரும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த பல் டாக்டர் சவிதா ஹலப்பனவர், வயது 31, பதினேழு வாரக் கர்ப்பம். கரு தங்காது என்று தெரிந்தும், அதன் இதயத் துடிப்பு நிற்கும்வரை எதுவும் செய்வதற்கில்லை என்று கால்வே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இது கத்தோலிக்க நாடு என்று ஒரு நர்ஸ் சொன்னதும் பின்னால் விசாரணையில் வந்தது. ரத்தத்தில் விஷம் ஏறி அக்டோபர் 28-ல் அவர் போய்விட்டார். 2018-ல் அந்த நாடு ஓட்டெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்தையே மாற்றியது.

அவர்களைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். நம் பக்கமும் பார்க்க வேண்டும். 1929 டிசம்பரில் காந்திஜியின் 'யங் இந்தியா'வில் கத்தியவாரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்பேத்கரும் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். எழுதியவர் ஹரிஜனப் பள்ளி ஆசிரியர். பிரசவமான இரண்டாம் நாள் அவர் மனைவிக்கு மூச்சுத் திணறல். ஹிந்து டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவரிடம் ஆசிரியர் கெஞ்சி, அவர் இரண்டு ரூபாய் பீஸுக்கு ஜாமீன் நின்ற பிறகுதான் டாக்டர் வந்தார். அதுவும் நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால்தான் என்ற நிபந்தனையோடு. பச்சைக் குழந்தையோடு அவளைத் தூக்கி வந்தார்கள். டாக்டர் தர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். அதே வழியில் அது திரும்பி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்றார். மருந்து அனுப்பினார். பிறகு பீஸ் கொடுத்தும் வந்து பார்க்கவில்லை. அவள் இறந்துபோனாள்.

பாதரசம் அவள் உடம்புச் சூட்டைச் சரியாகத்தான் காட்டியது. அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை.

குஜராத் சமாசாரம்தானே என்று நினைக்க வேண்டாம். நம் பேட்டையில் பிறந்த டாக்டர் பல்ப்புவுக்கு, ஜாதியின் காரணமாகத் திருவிதாங்கூர் வேலை தரவில்லை. மைசூர் கொடுத்தது. பெங்களூரில் பிளேக் வந்தபோது அங்கே உழைத்தார்.

என் அத்தை கரமனை அக்ரஹாரத்தில் இருந்தாள், கடும் மடி. நான் சின்னப் பையன். ஒருநாள் கொல்லையில் வேலைக்காரியின் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. அத்தை மடிப் புடவையோடு ஓடிப்போய்க் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். யாரோ "மடி, மடி" என்றார்கள். "மடி எங்கே ஓடிப்போறது? அப்பறம் ஸ்நானம் பண்ணிக்கறேன். ரிக்‌ஷாவைக் கூப்பிடு" என்றாள். ஆஸ்பத்திரியில் குழந்தையை விட்டுவிட்டு வந்து ஆற்றில் முழுக்குப் போட்டாள். மறுநாள் அதே வேலைக்காரிக்குத் தண்ணீரை உயரத் தூக்கித்தான் ஊற்றினாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கத்தியவார் டாக்டரும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்திருக்கலாம். ஏகாதசிப் பட்டினி கிடந்தால் என் வயிறுதான் காயும். அவருடைய ஆசாரத்துக்கு விலை கொடுத்தவள் வேறொருத்தி.

அந்தப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். "மனசு ஒப்பவில்லையென்றால் ஆரம்பத்திலேயே அந்தத் துறைக்குப் போகாதே, அம்மா. பிரசவ வார்டில் ராத்திரி டியூட்டியில் நீ ஒருத்திதான் டாக்டர் என்று உட்கார்ந்த பிறகு, மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை."

"கண் டாக்டராப் போன்னு சொல்றேளா, தாத்தா?" என்று சிரித்தாள்.

இப்போது ஹவுஸ் சர்ஜன். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். பிரசவ வார்டில் இருப்பதாகவும், அப்புறம் பேசுவதாகவும் சொல்லி வைத்துவிட்டாள்.