தேர் ஒன்று, வடம் பிடிக்கும் கைகள் பல

(ஆலயத் திருவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அம்பாளின் திருவிழா மேடையில் குடிநோயைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று நான் தெரிவித்தபோது, நம் செயலாளர் ஐயா சற்றுத் தயங்கினார். "மங்கலமான நாளில் இந்தப் பேச்சு பொருந்துமா?" என்று கேட்டார். பொருந்தும் என்றே விடையளித்தேன். கணவரின் பெயரிலும் மகனின் பெயரிலும் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு, "இந்தக் குடியை நிறுத்திவிடு தாயே" என்று வாய்திறவாமல் வேண்டி நிற்கும் தாய்மார்கள் இந்தச் சன்னிதியில் எத்தனை பேர் என்பதை அம்பாள் அறிவாள். ஆலயத்திற்குள் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் ஒரு துயரத்தை ஆலய மேடையில் பேசுவது முறையற்றதாகாது.

குடியின் தீமையை விளக்குவது என் நோக்கமன்று. வள்ளுவப் பெருந்தகை 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்துவிட்ட பிறகு அதற்கு நான் என்ன சேர்த்துவிட முடியும்? நான் பேச வந்தது வேறு. குடியை விட்டுவிட வேண்டும் என்று மனம் திரும்பிய ஒருவன், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்கிறானே, அவனைப் பற்றியே பேச வந்தேன்.

நம் சமுதாயம் இத்துயரை எதிர்த்துப் போராடாமல் இருந்ததில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. 1947ஆம் ஆண்டில் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத் தோட்டங்களில், ஏ.எம்.சாமி அவர்களின் தலைமையில் அமைந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து, காவல் துறையினரின் அடியையும் தாங்கியது. கூலி உயர்வு கேட்ட அதே வாயால் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்ட முன்னோர்களின் வழிவந்தவர்கள் நாம்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். சம்பள நாளன்று பள்ளி விட்டதும், என் வகுப்புத் தோழன் ஒருவன் புத்தகப் பையைத் தோளில் மாட்டியபடியே கள்ளுக்கடை வாசலில் நிற்பான். தந்தையின் சட்டைப் பையில் மிச்சமிருப்பதையாவது வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி அவனை அவன் தாயார் அனுப்பியிருப்பார். பின்னாளில் தோட்டம் துண்டாடப்பட்டது, லயங்கள் இடிக்கப்பட்டன, கள்ளுக்கடையும் போயிற்று. ஆனால், குடிநோய் நம்மோடு மூட்டை கட்டிக்கொண்டு தாமான்களுக்குக் குடிவந்துவிட்டது. மலிவு விலைச் சம்சு போத்தல்களில் வந்தது. 2017ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்கக் கூடாது என்று சட்டம் இறுகியது. அடுத்த ஆண்டே, 2018 செப்டம்பரில், சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்ட கொடுமையையும் கண்டோம். கடையை மூடுவதும் சட்டம் இயற்றுவதும் தேவையானவை. எனினும், ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டவனை அவை மட்டும் குணப்படுத்திவிடுவதில்லை.

நோய்வாய்ப்பட்டவன் என்று தெரிந்தே சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் மதுவுக்கு அடிமையாதலும் இடம்பெற்றுள்ளது. அதைக் கெட்ட புத்தி என்று மட்டுமே கருதி வந்த நான், என் அறியாமைக்கு ஒரு விலை கொடுத்தேன். அதை இன்று இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றும் அலுவலக முகப்புக்கு ஓர் அம்மையார் வந்தார். பிள்ளையின் பள்ளி உதவிக்கான பாரத்தை நிரப்பித் தந்தேன். எழுந்தவர் மீண்டும் அமர்ந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, என் வீட்டுக்காரர் குடியை விட்டுவிடுகிறேன் என்று நேற்று இரவு அவராகவே சொன்னார். எங்கே கூட்டிக்கொண்டு போவது?" என்று கேட்டார். பழைய நாளிதழ் ஒன்றிலிருந்து எப்போதோ குறித்து வைத்திருந்த தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். நல்லது செய்துவிட்டதாக நிறைவும் கொண்டேன்.

அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. அந்தக் குழு எப்போதோ கலைந்துபோயிருந்தது. கணவரோ தம் உறுதியின்படி வீட்டிலேயே ஒரேயடியாகக் குடியை நிறுத்தியிருக்கிறார். மூன்றாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் உயிர் பிழைத்தார். ஆனால், "நிறுத்தினால் செத்துப் போவேன்" என்ற அச்சம் அவர் மனத்தில் வேரூன்றிவிட்டது. மறுபடியும் குடித்தார். அடுத்த ஆண்டுத் தீபாவளியை அவர் காணவில்லை.

அன்பர்களே, நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாள்களில் நடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையவர் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்த ஒரு செய்தியை அறிந்த ஒருவர் அன்றைக்கு அந்தத் தொலைபேசியை எடுத்திருந்தால் போதும்.

அதன் பின்னரே, குடியிலிருந்து மீண்டோர் உலகெங்கும் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணை நிற்கின்றனர் என்பதைத் தேடிப் படித்தேன். 1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகர விடுதி ஒன்றில் பில் வில்சன் என்பவர் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த தொழில் முயற்சி தோற்றுப்போயிருந்தது. ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறுபுறம் அந்நகரத்துத் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியல். அவர் பட்டியலின் பக்கம் திரும்பினார். ஒரு பாதிரியாரைத் தொலைபேசியில் அழைத்து, தம்மைப் போன்ற ஒரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்றார். அந்த அழைப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்று, இறுதியில் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் அவரைச் சேர்த்தது. அம்மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. 'ஏ.ஏ.' என்று சுருக்கமாக வழங்கும் அவ்வியக்கம் 1957இல் இந்தியாவில் கால் ஊன்றியது. இன்று கோலாலம்பூரிலும், பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரிலும் அதன் குழுக்கள் கூடுகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வழிபாட்டு இல்லத்தின் தொலைபேசி எண் கண்ணில் படும் இடத்தில் இருந்தது. அழைத்தபோது எடுப்பதற்கு ஆள் இருந்தார். அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

1941 மார்ச்சில் அமெரிக்க வார இதழ் ஒன்றில் இவ்வியக்கத்தைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஏறத்தாழ 2,000 பேராக இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டின் இறுதிக்குள் 8,000 ஆயிற்று. உதவி கேட்டு வந்த அழைப்புகளைத் தனித்தனிக் குழுக்களால் தாங்க இயலவில்லை. அவ்வாண்டிலேயே சிகாகோ நகரத்துக் குழுக்கள் தமக்கென ஒரு பொது அலுவலகத்தை அமைத்துக்கொண்டன. பிற நகரங்களும் அம்முறையைப் பின்பற்றின.

அம்முறை மிக எளியது. ஒவ்வொரு குழுவும் தன் கூட்டத்தைத் தானே நடத்திக்கொள்ளும், யாருக்கும் கட்டுப்பட்டதன்று. ஆனால், எல்லாருக்கும் வேண்டியதும் ஒருவரால் தனித்துச் செய்ய இயலாததுமான சில பணிகளை மட்டும் ஒன்றுசேர்ந்து செய்துகொள்வர். பொதுவான ஒரு தொலைபேசி. அதை முறைவைத்து ஏற்கும் தொண்டர்கள். எந்த நாள், எந்த ஊரில், எத்தனை மணிக்குக் கூட்டம் என்ற திருத்தமான ஒரே பட்டியல். நூல்களை மொத்தமாக வாங்கிவைக்கும் ஓர் அலமாரி. மருத்துவமனைக்கும் சிறைக்கும் சென்று பேசுவோரின் வரிசை. குழுக்கள் தத்தம் பேராளரை அனுப்பும். தத்தம் உண்டியலிலிருந்து இயன்றதைக் கொடுக்கும். அந்தப் பொது அலுவலகம் குழுக்களுக்கு ஊழியம் செய்வது. அவற்றின் மேல் அதிகாரம் செலுத்துவதன்று.

இது நமக்குப் புதிதா? நம் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் உபயம் ஒரு குடும்பத்தாருக்கு. மற்றொரு நாள் ஒரு தாமான்வாசிகளுக்கு. இன்னொரு நாள் லாரி ஓட்டுநர்களுக்கு. அவரவர் நாளை அவரவர் விருப்பப்படி சிறப்பிக்கின்றனர். ஆனால், பந்தல் ஒன்று, மடைப்பள்ளி ஒன்று, தேர் ஒன்று. உபயத்துக்கு ஒரு தேர் செய்வோம் என்று யாரும் கிளம்புவதில்லை. தேரை இழுக்கத்தான் எல்லாரும் சேர்கிறோம்.

நம் மாநிலத்துக்கு இது மிகவும் பொருந்தும். சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். இடையே லாபிஸ், குளுவாங், கூலாய் என எத்தனையோ ஊர்கள். ஓர் ஊரில் ஐந்தாறு பேர் கூடும் சிறு குழுவால் இரவும் பகலும் தொலைபேசியருகே ஆள் வைக்க இயலாது. ஐந்து ஊர்கள் சேர்ந்தால் வாரத்துக்கு ஓரிரு இரவுகளே ஓர் ஊரின் பங்குக்கு வரும். மற்றொரு காரணமும் உண்டு. நம் ஊர்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கூலாய்க்காரர் கூலாய்க் கூட்டத்துக்கு வர வெட்கப்படுவார். மாசாய்க் கூட்டமென்றால் துணிந்து போவார். அவருடைய ஊர்க் குழுவின் கையில் மாசாய்க் குழுவின் நேரமும் இருந்தால்தான் அவரை அங்கே அனுப்ப முடியும்.

குடும்பத்தார்க்கும் இதில் இடமுண்டு. குடிநோயாளிகளின் மனைவிமார், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கென 1951இல் அமைந்த அல்-அனான் தனி இயக்கமாயினும், ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் இரு கூட்டங்களும் நடைபெறுவது பல ஊர்களில் வழக்கம். கணவர் வர மறுத்தாலும் மனைவி வரலாம்.

தாய்த் தமிழகத்திலும் நமக்கொரு முன்மாதிரி உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பலிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அவர் பெயரிலேயே 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். 1992இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாத ஏழைகளுக்காக, அந்நிறுவனம் மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் சிகிச்சை முகாம்களை நடத்தியது. மருத்துவமும் ஆலோசனையும் நிறுவனத்தாருடையவை. அவற்றை ஏற்றுத் துணைநின்றது ஊர். இரண்டும் சேர்ந்தபோது, நோயாளி தன் மக்கள் நடுவிலேயே எழுந்து நின்றான்.

இனி, நம் ஆலயம் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். புதிய சங்கம் ஒன்றைத் தொடங்குமாறு நான் கேட்கவில்லை. நான்கே நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, வாரத்தில் ஒரு மாலை, நம் மண்டபத்தின் பின்னறையை ஒரு குழுவுக்கு விடுவோம். அவர்கள் சிறு வாடகை கொடுக்க முன்வருவர். "வேண்டாம், இது ஆலயத்தின் தர்மம்" என்று நாம் மறுக்கக் கூடாது. வெளியார் நன்கொடையை ஏற்காமல் தம் செலவைத் தாமே ஏற்பது ஏ.ஏ. குழுக்களின் மரபு. பிறரிடம் கடன் வாங்கியே வாழ்ந்த ஒருவர், உண்டியலில் இரண்டு வெள்ளி போடும்போது மீண்டும் மனிதராகிறார். அந்த இரண்டு வெள்ளியை நாம் மரியாதையோடு பெற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அக்கூட்டத்துக்குத் தலைவரும் மாலையும் புகைப்படமும் வேண்டா. வந்தவர் பெயர் வெளியே போகக் கூடாது. எவ்வளவு அக்கறையிருந்தாலும் நம் செயலவையினர் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஒத்துழைப்பு வேறு, உரிமை கொண்டாடுவது வேறு.

மூன்றாவது, அண்டை ஊர் ஆலயங்களின் செயலாளர்களோடு பேசி, கூட்ட நாள்கள், அரசாங்க மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள், நம் தம்போய் பெர்மாய் மருத்துவமனை ஆகிய விவரங்கள் அடங்கிய ஒரே பட்டியலைத் தயாரிப்போம். மாதந்தோறும் ஒருவர் ஒவ்வோர் எண்ணையும் அழைத்துச் சரிபார்க்க வேண்டும். அப்பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன். அர்ச்சனைச் சீட்டு முகப்பின் அருகிலேயே அப்பட்டியல் தொங்கட்டும்.

நான்காவது, காவல் தெய்வங்களுக்கு மது படைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பூசை முடிந்தபின் அது யார் கைக்குப் போகிறது என்பதைச் சிந்திப்போம். குடியை விட்டு நாற்பது நாளான ஒருவர் அந்த வரிசையில் நிற்கக்கூடும்.

அந்த அம்மையார் இப்போதும் இந்த வட்டாரத்தில்தான் வாழ்கிறார். மகன் வளர்ந்துவிட்டான். அவரைக் காணும்போதெல்லாம் அவர் என்னிடம் அன்பாகவே பேசுகிறார். நான்தான் கண்ணை ஏறெடுத்துப் பார்க்க இயலாமல் நிற்கிறேன். இன்னொரு வீட்டில், இன்னோர் இரவில், ஒருவர் "விட்டுவிடுகிறேன்" என்று சொல்வார். அந்தச் சொல் விடியும்வரை நிலைக்குமா என்பது நமக்குத் தெரியாது. அது நிலைத்திருக்கும்போதே அந்த வீட்டார் அழைத்தால், எடுப்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும்.

நாளை மறுநாள் தேர் புறப்படுகிறது. வடத்தில் கை வைக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.