நோட்டில் இல்லாத வரி

நான் பத்தாவது வரைதான் படித்தவள். பொருளாதாரம் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் வாரா வாரம் சேமிப்பும் கடனும் எழுதுகிற நமக்கு அது தூரத்து விஷயம் இல்லை.

என் அண்ணன் மகள் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். மே மாத லீவில், மாணவர்களுக்கென்று நடந்த பத்து நாள் கோடை வகுப்புக்குப் போய் வந்தாள். பாடப் புத்தகம் சொல்லும் ஒரே வழியில் பார்க்காமல், பல வழியில் பார்க்கச் சொல்லித் தரும் வகுப்பாம். "யார் உழைக்கிறாங்க, பலன் யாருக்குப் போகுது, அதை யார் முடிவு பண்றாங்கன்னு கேக்கச் சொன்னாங்க அத்தை" என்றாள்.

இந்த மாதிரி வகுப்பு வேண்டும் என்று கேட்டதே மாணவர்கள்தானாம். 2000-ல் பிரான்சு நாட்டு மாணவர்கள், பாடம் நிஜ வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்று மனு எழுதினார்கள். 2008-ல் உலகமே பண நெருக்கடியில் மாட்டியது. அது ஏன் வந்தது என்று எங்கள் பாடத்தில் இல்லையே என்று, 2012-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாணவர்கள் சங்கமே ஆரம்பித்தார்கள்.

அவள் என்னையும் கேட்டாள். "அத்தை, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்றேன்.

அதற்கு ஒரு விஷயம் சொன்னாள். ஒருவர் சம்பளம் கொடுத்து ஒரு அம்மாவை வீட்டு வேலைக்கு வைத்தால், அது நாட்டு வருமானத்தில் சேரும். அந்த அம்மாவையே கல்யாணம் செய்துகொண்டால், வேலை அதேதான், நாட்டு வருமானம் மட்டும் குறைந்துவிடும்! பிகூ என்ற இங்கிலாந்து அறிஞர் நூறு வருஷத்துக்கு முன்பே சொன்னதாம். 1988-ல் நியூசிலாந்தின் மர்லின் வாரிங் என்ற பெண்மணி, கணக்கில் வராத பெண்கள் உழைப்பைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார்.

நம் நாட்டில் 2019-ல் அரசு எடுத்த கணக்கில், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்களில் வீட்டு வேலை பார்ப்பவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். அவர்களும் 97 நிமிடம்தான். 2023-ல் நம் தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்க்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்களே, அதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

இப்போது என் மனசை உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். நான் எங்கள் குழுவின் ஊக்குநர். படுத்த படுக்கையாய் இருந்த மாமியாரைப் பார்த்துக்கொண்ட ஒரு சகோதரி, மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. மூன்று தடவையும் அபராதம் எழுதினது நான்தான். "வீட்ல சும்மா இருக்கறவளுக்கு வர என்ன?" என்றும் கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் கட்டினாள். பெரிய படிப்புப் புத்தகங்களில் விட்டுப்போன அதே வரி, என் நோட்டிலும் இல்லை.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இப்பவாவது கேட்டியே அக்கா" என்றாள்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். அபராதம் எழுதும் முன், யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டு அதையும் நோட்டில் எழுதுவோம். இனிமேல் யார் கேட்டாலும் 'சும்மா இருக்கேன்' என்று சொல்ல வேண்டாம்.