நான்காம் இடமும் பட்டாசுச் சத்தமும்

(ஒரகடத்தில் தொழிலாளர்களும் விளையாட்டுக் குழு இளைஞர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘விளையாட்டும் சாதியும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பலரும் ‘மைதானத்தில் சாதி கிடையாது, திறமை மட்டும்தான்’ என்று ஆரம்பிப்பார்கள். திறமை உண்டு. சாதியும் உண்டு. ரெண்டும் ஒரே மைதானத்தில்தான் நிற்குது. எது எப்போ கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. ஜெயிக்கும்போது சாதி ஒளிஞ்சுக்கும். தோற்கும்போது வெளியே வரும். ஆடுற ஆள் ஒருத்தர் அடிபட்டு வெளியே உட்கார்ந்தால், இன்னும் தெளிவா எல்லாம் தெரியும். அதற்கு ஒரு உதாரணம் சொல்றேன்.

ஹரித்வார் என்றதும் கங்கை, மடம், சாமியார் என்றுதான் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அங்கே பெல் தொழிற்சாலை இருக்கு. சிட்குல் தொழிற்பேட்டை இருக்கு. ஷிப்டு மாறும்போது கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியே வருகிற, நம்ம ஒரகடம் மாதிரியான இடம். அதை ஒட்டிய ரோஷனாபாத் கிராமத்தில் 1992-ல் பிறந்தவர் வந்தனா கட்டாரியா. தலித் குடும்பம். அப்பா பெல்லில் வேலை பார்த்தவர். அந்தப் பெண் ஹாக்கி மட்டையைப் பிடித்தார். 2013-ல் ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது இந்திய அணியில் அதிக கோல் அடித்தவர் அவர்தான்.

2021 மே மாதம் அப்பா இறந்துபோனார். வந்தனா பெங்களூர் பயிற்சி முகாமில் இருந்தார். கொரோனாக் காலம். அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூடப் போக முடியவில்லை. அந்தத் துக்கத்தோடுதான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார். இந்தியா முதல் மூன்று ஆட்டத்திலும் தோல்வி. நாலாவதில் அயர்லாந்தை ஜெயித்தது. ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவோடு ஆட்டம். அதில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 4-3 என்று இந்தியா ஜெயித்தது. நாலில் மூணு கோல் வந்தனா அடித்தது. ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூணு கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அன்றைக்கு அவர் ‘இந்தியாவின் மகள்’.

ஆகஸ்ட் 4. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோல்வி. அன்றைக்கே ரோஷனாபாத்தில் அவர் வீட்டு வாசலில் ஆதிக்க சாதிக்காரர்கள் சிலர் பட்டாசு வெடித்தார்கள், ஆடினார்கள், சாதியைச் சொல்லி ஏசினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றது என்றார்கள். இது குடும்பத்தார் போலீசில் கொடுத்த புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது. நாடு தோற்றதற்கு அழுகிறவனைப் பார்த்திருக்கிறோம். நாடு தோற்றதற்குப் பட்டாசு வெடிக்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தோம். அவனுக்கு நாட்டைவிடப் பெரிசு எது என்று அவனே காட்டிக்கொடுத்துவிட்டான்.

அதே வந்தனா ரெண்டு நாள் கழித்து பிரிட்டனோடு வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மறுபடி ஒரு கோல் அடித்தார். 3-4 என்று தோல்வி. இந்தியாவுக்கு நான்காம் இடம்.

இப்போ 2024 ஜனவரிக்கு வாங்க. பாரீஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டி ராஞ்சியில். முதல் மூணு இடம் பிடித்தால் பாரீஸ். அதற்குச் சில மாதம் முன்னால், 2023 அக்டோபரில், 300 சர்வதேச ஆட்டம் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆகியிருந்தார் வந்தனா. இந்தப் போட்டிக்குத் துணைத் தலைவர். போட்டி தொடங்கச் சில நாள் இருக்கும்போது பயிற்சியில் அடிபட்டுக் கன்ன எலும்பு முறிந்தது. ஆட முடியாது. பல்ஜீத் கௌர் என்ற இளம் வீராங்கனையைச் சேர்த்தார்கள். ஆளுக்கு ஆள் போடலாம். முன்னூறு ஆட்டத்தின் அனுபவத்தை எங்கே போய் எடுக்கிறது?

அமெரிக்காவிடம் 0-1 தோல்வி. நியூசிலாந்தை 3-1, இத்தாலியை 5-1 என்று ஜெயித்தார்கள். அரையிறுதியில் ஜெர்மனியோடு 2-2 சமம், ஷூட் அவுட்டில் தோல்வி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் 0-1. மறுபடியும் நான்காம் இடம். பாரீஸ் போச்சு.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. டோக்கியோவில் வந்தனா இருந்தார், நான்காம் இடம். ராஞ்சியில் வந்தனா இல்லை, நான்காம் இடம். முன்னதில் ‘இவங்க இருந்ததால் தோற்றோம்’ என்றவன், பின்னதில் ‘இவங்க இல்லாததால் தோற்றோம்’ என்று ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லமாட்டான். ஏனென்றால் அவன் போட்டது ஆட்டக் கணக்கே இல்லை.

ராஞ்சியில் அவர்கள் ஆடிய மைதானத்தின் பெயர் ஜெய்பால் சிங். முண்டா ஆதிவாசி. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதல் ஹாக்கித் தங்கம் வாங்கியபோது அணித் தலைவர். அணி நிர்வாகத்தோடு முரண்பட்டு விலகியதால் இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. இந்தியா 3-0 என்று ஜெயித்தது. அதனால் ஜெய்பால் சிங் தேவையில்லாதவர் ஆகிவிட்டாரா? பின்னால் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காக எழுந்து நின்று பேசியவர் அவர்தான். ஆள் இல்லாமல் அணி ஜெயிக்கும், தோற்கும். ஆளுடைய மதிப்பை அதை வைத்து அளக்க முடியாது.

இதை ஏன் இங்கே வந்து சொல்றேன்? நம்ம காலனி கபடிக் குழு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்குழுவோடு மோதப் போகுது. நம்ம முதல் ரெய்டர் தம்பி, கம்பெனி பிரஸ்ஸில் ரெண்டு விரலைக் கொடுத்துட்டு வீட்டில் கிடக்கிறான். ‘அவனுங்க கதை முடிஞ்சுது’ என்று டீக்கடையில் பேசுறதா சொன்னீங்க. பேசட்டும். ஆனா அவன் இடத்தில் மறுநாளே இன்னொரு காண்ட்ராக்ட் பையனை நிறுத்தினார்களே, அதைப் பற்றி நாம பேசினோமா? வந்தனாவுக்கு அடிபட்டால் பத்திரிகையில் வரும், மாற்று ஆளின் பெயரோடு. இங்கே அடிபட்டவன் பெயரும் வராது, வந்தவன் பெயரும் வராது. புரொடக்‌ஷன் எண்ணிக்கை மட்டும் குறையாது.

அதனால் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிற தொழிலாளி வேலையில் அடிபட்டால், வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தாலும் பாத்தியதை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளக் கணக்கில் 90 சதவீதம் உண்டு. விரல் போனது நிரந்தர ஊனம். அதற்கு மெடிக்கல் போர்டு பார்த்து ஆயுள் முழுக்கப் பணம் தீர்மானிக்கணும். இதற்கெல்லாம் விபத்து, விபத்து என்றே எழுதப்பட்டிருக்கணும். ‘வீட்டில் வழுக்கி விழுந்தான்னு எழுதிக்கலாம்’ என்று சூப்பர்வைசர் தோளில் கைபோட்டுச் சொன்னால், அந்தக் கையை எடுத்துவிடுங்க. நாலு பேர் கூடப் போங்க. எழுதி வாங்குங்க.

ஞாயிற்றுக்கிழமை பெயர்ப் பட்டியல் கொடுக்கும்போது அவன் பெயரையும் எழுதிக் கொடுங்க. ஆடாட்டியும் அவன் நம்ம ஆள். தோற்றாலும் அவன் மேல் பழி இல்லை, ஜெயித்தாலும் அவன் கூடுதல் சுமை இல்லை. யார் வீட்டு வாசலிலாவது பட்டாசு வெடித்தால், அது யார் வீடாக இருந்தாலும், அங்கே முதலில் போய் நிற்கிறது நம்ம குழுவாக இருக்கணும்.