பத்திரம் கேட்ட நாடும் பாட்டு வைத்திருந்த மக்களும்



"இலக்கியமும் தேசிய அடையாளமும்" என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். சப்ரகமுவத் தோட்டத்து மனிதருக்கு இது ஏட்டில் படிக்கிற விஷயம் கிடையாது. "நீ எந்த நாட்டுக்காரன்?" என்ற கேள்விக்கு நம் பாட்டன்மார் தோட்டத்திலும் நீதிமன்றத்திலும் கச்சேரி வாசலிலும் நின்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில் முதலில் பாட்டாக வந்தது, பிறகு கதையாக வந்தது. அதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

கேகாலை மாவட்டத்தில் உருளவள்ளி என்றொரு தோட்டம். ஆங்கில ஆவணங்களில் அதன் பெயர் நேவ்ஸ்மியர். 1946இல் கிராமத்து மக்களுக்குக் காணி பகிர்வதற்காக அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்தது. காணியில்லாத கிராமத்தவருக்குக் காணி கொடுப்பது நியாயமான காரியம். ஆனால் அந்த மண்ணில் உழைத்துக்கொண்டிருந்த நம்மவர்களுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கிராமத்து ஏழைக்கும் லயத்து ஏழைக்கும் சேர்த்து ஒரு வழி தேட யாருக்கும் மனம் வரவில்லை. நம் மக்கள் எழும்ப மறுத்தார்கள். அதையொட்டி எழுந்த வேலைநிறுத்தம் கேகாலையைத் தாண்டிப் பரவியது. இந்த மண் யாருடையது என்ற கேள்வி, சுதந்திரத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே, நம் சப்ரகமுவ மண்ணில்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுந்தது.

அதற்கான பதிலை அரசு 1948இல் சட்டமாகவே எழுதியது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில், மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் ஓட்டில்லாமல் நின்றார்கள்.

நாடு பத்திரம் கேட்டது. நம் பாட்டிகளிடம் இருந்தது பாட்டு.

அந்தப் பாட்டின் வரலாற்றைப் பாருங்கள். தோட்டத் தொழிலைப் பற்றி அச்சில் வந்த முன்னோடி நூல்களில் ஒன்று, 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. அது துரைமார் பக்கம் நின்று பாடிய கும்மி. எழுபது வருஷம் கழித்து இன்னொரு குரல் வந்தது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையின் குரல் அது. 1939இல் அரசாங்க வேலையிலிருந்த இந்திய வம்சாவளியினரை நாட்டை விட்டு அனுப்ப ஏற்பாடு நடந்தபோது, அந்த அம்மையார் மேடை மேடையாக ஏறிப் பாடினார். தெரிந்த மெட்டில் புதிய சொற்களைப் போட்டு, கூட்டத்துக்கு வந்த எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் கூடச் சேர்ந்து பாடும்படி பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று அந்தப் பாடல்கள் அச்சேறின. துரையைப் புகழ்ந்த கும்மியிலிருந்து உரிமை கேட்கும் பாட்டுக்கு வந்த இந்தப் பயணம்தான் மலையக இலக்கியத்தின் அரசியல் வரலாறு.

அதன் பிறகு சி. வி. வேலுப்பிள்ளை வந்தார். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களின் உரிமையைப் பறித்தது. பேனாவைப் பறிக்க முடியவில்லை. 'நாடற்றவர் கதை', 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' என்ற அவருடைய நூல்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே போதும், நம் வரலாறு கண் முன்னால் வந்து நிற்கும். தோட்டம் தோட்டமாக நடந்து நாட்டார் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாகவும் தந்தார். நாடு இல்லையென்று சொல்லப்பட்ட மக்களுக்கு ஒரு பாரம்பரியம் உண்டு என்று நிறுவிய வேலை அது.

அக்கரையிலிருந்தும் நம்மைப் பற்றிக் கதை வந்திருக்கிறது. 1935இல் தமிழ்நாட்டில் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்து சீரழிந்த மருதியின் கதை. பெரிய கலைஞனின் பெரிய கருணை அது. ஆனாலும் அது அக்கரையிலிருந்து பார்த்த பார்வை. இக்கரையில் பிறந்தவர்கள் எழுதத் தொடங்கியதும் குரல் மாறியது. பெனடிக்ற் பாலன் தன் நாவலுக்கு 'சொந்தக்காரன்' என்று பெயர் வைத்தார். தெளிவத்தை ஜோசப் தன் சிறுகதைத் தொகுதிக்குப் பாரதியின் சொல்லை எடுத்து 'நாமிருக்கும் நாடே' என்று பெயர் வைத்தார். தி. ஞானசேகரன் 'குருதிமலை'யில் தோட்டக் காணியைக் காக்க நின்ற மக்களை எழுதினார். என்.எஸ்.எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' தந்தார். இவர்கள் யாரும் தேசியம் பற்றிச் சித்தாந்தம் எழுதவில்லை. காலைப் பெரட்டையும் தேயிலைக் கவ்வாத்தையும், அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்டதற்கு வந்த சண்டையையும், செத்தவர்களைத் தோட்டத்து மண்ணிலேயே புதைத்ததையும் எழுதினார்கள். நாட்டுக்குச் சொந்தம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சட்டத்தின் கணக்கு வேறாக இருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இந்திய வம்சாவளியினர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சப் பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே காம்பராவில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு இன்னொரு நாடு. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களை அங்கே நீலகிரியில் "சிலோன்காரர்" என்றார்கள். இங்கே மிஞ்சியவர்கள் பதிவேட்டில் "இந்தியத் தமிழர்" ஆகவே இருந்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலான அந்தக் காலம் முழுவதும் இந்த மக்களை இந்நாட்டு மக்களாகவே எழுதி வைத்தது இலக்கியம்.

உறவுகளே, இனி நம் வீட்டுக் குறையைப் பேசுகிறேன். மலையக இலக்கியம் என்றதும் எல்லோர் கண்ணிலும் நுவரெலியாவும் பதுளையும் ஹட்டனும்தான் வருகின்றன. கொழுந்துக் கூடைக்கு இலக்கியத்தில் கிடைத்த இடம் நம் சப்ரகமுவத்து இறப்பர்ப் பால்வாளிக்குக் கிடைக்கவில்லை. கேகாலையில் விடியுமுன் எழும்பி, மழை வருமா என்று வானத்தைப் பார்த்து நிற்கும் பால்வெட்டும் அக்காவை நினைத்துப் பாருங்கள். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. மழை விட்ட நாளில் மரத்துக்கு மரம் கத்தியோடு ஓடி, பட்டையில் ஆழம் போகாமல் மெல்லிசாகக் கீறி, சிரட்டையை நேராக்கி வைத்துவிட்டு, பால் உறையுமுன் திரும்பி வந்து வாளியில் சேர்க்கிறார். இந்தக் கைப்பழக்கத்துக்கு எத்தனை கதை இருக்கிறது?

எழுத வேண்டியது இன்னும் உண்டு. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் தமிழர்கள் மீது நடந்த வன்முறையை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்தில், காவத்தையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் லயங்கள் எரிந்தன. தேயிலைக்குள் பதுங்கி இரவைக் கழித்தவர்கள் உண்டு. பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்துச் சோறு போட்டதால் பிழைத்தவர்களும் உண்டு. மூட்டையைக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களின் பிள்ளைகள் 2009இல் மறுபடியும் யுத்தத்துக்குள் சிக்கினார்கள். எரித்தவனையும் எழுத வேண்டும், ஒளித்து வைத்தவரையும் எழுத வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் எழுதினால், அது ஒரு கட்சியின் துண்டுப்பிரசுரமாகப் போய்விடும். பகைவனை உண்டாக்கிக் காட்டுவது குறுகிய தேசியவாதத்தின் வேலை. மனிதரைக் காட்டுவது இலக்கியத்தின் வேலை. இரண்டையும் நாம் போட்டுக் குழப்பக்கூடாது.

நம் சூழல் தனியானது. தோட்டத்தைச் சுற்றிச் சிங்களக் கிராமம். நம் பிள்ளைகள் சரளமாகச் சிங்களம் பேசுகிறார்கள். அது ஒரு செல்வம். ஆனால் பக்கத்தில் உயர்தரம் படிக்கத் தமிழ்ப் பாடசாலை இல்லாததால் சிங்களப் பாடசாலைக்குப் போய், தாத்தாவின் காமன்கூத்துப் பாட்டு விளங்காமல் நிற்கும் பிள்ளையைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. இந்தப் பிள்ளைகள் இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவர்களாக வளர்ந்தால், நாட்டுக்கே பெரிய தொண்டு செய்வார்கள். தலவாக்கலைப் பக்கத்தில் வளர்ந்த உபாலி லீலாரத்ன தமிழ் நூல்களைச் சிங்களத்துக்குக் கொண்டுபோனார். நம் சப்ரகமுவப் பிள்ளை ஒன்று நம் கதையை அப்படிக் கொண்டுபோகட்டும். அடுத்த கிராமத்தவர் தம் மொழியில் நம்மைப் படிக்கிற அன்றுதான் இந்தக் குடியுரிமை முழுமை பெறும்.

ஆகையால் இளையவர்களிடம் கேட்கிறேன். கையில் போன் இருக்கிறது. இந்த மாதமே உங்கள் லயத்தில் மூத்த பெண்மணி யாரென்று பாருங்கள். அவர் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு, ஏன் வந்தார் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை 'நூலகம்' என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பியுங்கள். ஆசிரியர்களே, பிள்ளை எழுதிய முதல் கதையில் பிழை திருத்துவதற்கு முன்னால், கதையைப் படியுங்கள். கோயில் கமிட்டிக்காரர்களே, திருவிழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, தோட்டத்துக்கு ஒரு வாசிகசாலை அமையுங்கள்.

நம்மை நாட்டில் சேர்க்கச் சட்டத்துக்கு ஐம்பத்தைந்து வருஷம் பிடித்தது. நம் வரலாற்றை நாமே எழுதாமல் விட்டால், அந்தச் சட்டப் புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் நம் வரலாறாக மிஞ்சும். எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், சிங்களத்திலும் எழுதுங்கள்.