பறித்தவுடன் பூட்டிக்கொள்ளும் போன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



‘ஆண்ட்ராய்டு 15-ல் என்ன புதுசு?’ என்று பேசச் சொன்னார் செயலாளர். எல்லாவற்றையும் சொன்னால் டீ ஆறிவிடும். திருட்டு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

காரணம், என் தங்கைக்கு நடந்தது. காலை நடையின்போது வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்கில் வந்தவன் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். பின் நம்பர், கைரேகை எல்லாம் வைத்திருந்தாள். ஆனால் பிடுங்கும்போது போன் திறந்துதானே இருந்தது! என் போனிலிருந்து பூட்டப் பார்த்தோம். பதற்றத்தில் கூகுள் பாஸ்வேர்டு அவள் நினைவுக்கு வரவில்லை. வங்கியைப் பிடித்துக் கணக்கை நிறுத்துவதற்குள் அரை மணி நேரம். நல்லவேளை, பணம் போகவில்லை. அந்த அரை மணி நேரம் யாருக்கும் வேண்டாம்.

2024-ல் கூகுள் அறிவித்த மூன்று வசதிகள் இதற்காகவே வந்தவை.

ஒன்று, ‘தெஃப்ட் டிடெக்ஷன் லாக்’. கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினாலோ வண்டியில் பறந்தாலோ, அந்த அசைவை உணர்ந்து திரை பூட்டிக்கொள்ளும். எப்போதும் தவறாமல் பிடித்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம்.

இரண்டு, ‘ஆஃப்லைன் டிவைஸ் லாக்’. திருடன் இணையத்தைத் துண்டித்துவிட்டால், சிறிது நேரத்தில் போன் தானே பூட்டிக்கொள்ளும்.

மூன்று, ‘ரிமோட் லாக்’. யாருடைய போனிலிருந்தும் ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் என்ற பக்கத்துக்குப் போய், உங்கள் போன் நம்பரைக் கொடுத்துப் பூட்டலாம். பாஸ்வேர்டு தேவையில்லை. ஆனால் தொலைந்த போனில் இணையம் இருக்க வேண்டும்.

‘என்னுடையது பழைய போன்’ என்று யாரும் எழுந்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் உள்ள பெரும்பாலான போன்களில் இந்த மூன்றும் உண்டு. ஆனால் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் மேலே தேடும் இடத்தில் ‘தெஃப்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், வந்துவிடும்.

ஆண்ட்ராய்டு 15-லேயே வந்தது ‘பிரைவேட் ஸ்பேஸ்’. பீரோவுக்குள் லாக்கர் மாதிரி. வங்கி ஆப்களை அதற்குள் வைத்துத் தனிப் பூட்டுப் போடலாம். பூட்டியிருக்கும்போது அந்த ஆப்கள் வெளியே தெரியாது. ஒரு எச்சரிக்கை: பூட்டியிருக்கும்போது அவை இயங்கவும் செய்யாது, அறிவிப்பும் வராது. அதனால் மாத்திரை நேரம் சொல்லும் ஆப், நம் கேட்டில் விருந்தினர் வந்தால் கேட்கும் ஆப், இவற்றை உள்ளே வைக்காதீர்கள். பிறகு விருந்தினர் கேட்டிலேயே நிற்பார், நீங்கள் செக்யூரிட்டியைத் திட்டுவீர்கள்!

கடைசியாக ஒரு வேலை. போனில் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதை டைரியில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் போனையே முடக்க அது வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வீட்டில் அப்பா, அம்மா இருந்தால் இன்று இரவே அவர்கள் போனிலும் இந்த மூன்றையும் ஆன் செய்துவிடுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே போனோடு வாருங்கள், சேர்ந்து செய்துவிடலாம்.