கல் நிலத்தில் ஒரு பந்துக் களம்

தோட்டத்து லயங்களானாலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான் வீடுகளானாலும், இளைஞர்கள் காற்பந்து உதைக்க எப்படியாவது ஓர் இடத்தைக் கண்டுபிடித்து விடுகிறார்கள். ஆனால் முப்பது ஆண்டுகள் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பால் வெட்டிவிட்டு, இன்று முழங்கால் வலியோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் நம் பெற்றோருக்கு விளையாட்டு என்று எதைக் காட்டினோம்? ஓட முடியாதவர்களும் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து ஆடக்கூடிய பந்து விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குப் புல்வெளி வேண்டாம். கல்லும் கரடுமான நிலமே போதும். அந்தக் களத்தை நம் கையாலேயே அமைக்கும் விதத்தைத்தான் இன்று பேசப் போகிறோம்.

அந்த விளையாட்டின் பெயர் பெத்தாங்க். இத்தாலியரின் போச்சே விளையாட்டுக்கு இது தம்பி முறை என்று சொல்லலாம். போச்சேயில் பந்து உருண்டு போவதற்காக 25 மீட்டருக்கும் மேல் நீண்ட, மழமழப்பான தளம் வேண்டும். பெத்தாங்கில் இரும்புப் பந்தைத் தூக்கிப் போடுகிறார்கள். தளம் சொரசொரப்பாக இருந்தால்தான் ஆட்டத்தில் சுவை. 1910-ஐ ஒட்டிய காலத்தில், பிரான்சின் தென்கரையில் லா சியோத்தா என்னும் ஊரில் இது பிறந்தது. மூட்டு வாதத்தால் ஓடிவந்து பந்தெறிய முடியாமற் போன லெனுவார் என்னும் ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று விதியை மாற்றினார்களாம். பாதங்களை ஊன்றி நிற்பதைக் குறிக்கும் அவ்வட்டாரச் சொற்களே விளையாட்டின் பெயராயின. முழங்கால் வலிக்காரர் ஒருவருக்காகப் பிறந்த விளையாட்டு 2001-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தது.

இனி நிலத்துக்கு வருவோம். தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது எங்கள் குடியிருப்பு. வீடுகளுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் மண்வெட்டியை எங்கே போட்டாலும் 'டங்' என்று கருங்கல்தான் பதில் சொல்லும். அதனால் அது யாருக்கும் வேண்டாத இடமாக, பழைய சாமான் கொட்டும் இடமாக இருந்தது. இடத்துக்கு உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு நாங்கள் வேலையைத் தொடங்கினோம். உங்கள் ஊரில் அது தோட்ட நிர்வாகமாகவோ நகராண்மைக் கழகமாகவோ இருக்கலாம். வாய்ச்சொல்லை நம்பி லாரிக் கல்லை இறக்கிவிடாதீர்கள்.

முதலில் நாங்கள் செய்தது முழுத் தவறு. இளைஞர்கள் சம்மட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கல்லோடு மல்லுக்கு நின்றார்கள். கல் சில்லு தெறித்து ஒரு பிள்ளையின் முழங்கையைக் கிழித்ததுதான் மிச்சம். கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போதுதான் கொத்து வேலை தெரிந்த பெரியவர் ஒருவர், "கல்லை ஏன் தம்பி தோண்டுறீங்க? அது எங்கேயும் போகாது. அதுக்கு மேலே ஏறிப் போங்க" என்றார்.

அந்த ஒரு பேச்சில் வேலை மாறிவிட்டது. நிலத்தை வெட்டித் தாழ்த்துவதை விட்டுவிட்டு, மேலே கல் பரப்பி உயர்த்த முடிவு செய்தோம். பாறையைப் போல அசையாத அடித்தளம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் ஒன்று: பாறையின் தலைக்கு மேல் கல் படிவு மெல்லியதாக இருந்தால் பந்து அங்கே மட்டும் துள்ளும். ஆகவே மிக உயர்ந்த பாறைத் தலைக்கு மேலும் 10 சென்டிமீட்டராவது கல் நிற்கும்படி மட்டத்தைக் குறித்தோம். இரண்டடி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெரும்பாறைக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. களத்தைச் சற்றே திருப்பிப் போட்டு அதை வெளியே விட்டோம். இப்போது ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு அதுதான் நாற்காலி.

களத்தின் அளவு 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். போட்டிக்கென்றால் 15க்கு 4 நல்லது. வீட்டு விளையாட்டுக்கு இது தாராளம். நூல் கட்டும்போது மூலையில் 3 அடி, 4 அடி அளந்து குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூலை நேர். மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் போதும். கொத்தனார்கள் எல்லாருக்கும் அது தெரியும். புல், வேர், இலைக்குப்பை, கறுத்த மேல்மண் ஆகியவற்றைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அவற்றை மூடிவிட்டால் மக்கிப்போய் ஆறு மாதத்தில் தளம் அமுங்கும். பாறைகளுக்கு இடையிலுள்ள மண் குழிகளில் உடைகல்லைப் போட்டு இடியுங்கள்.

அடுத்த தவறையும் சொல்லிவிடுகிறோம். பார்வைக்கு அழகாக இருக்கிறதே என்று ஆற்றுக் கூழாங்கல்லை முதலில் கொட்டினோம். பந்து அதற்குள் புதைந்தது, நடந்தால் கால் வழுக்கியது, ஒரு மாத மழையில் பாதி சரிந்து ஓடியது. கோலிக் குண்டுகளைக் குவித்துப் பாருங்கள், நில்லாமல் உருளும். உடைத்த செங்கல் துண்டுகளைக் குவித்தால் ஒன்றன் முனை இன்னொன்றில் மாட்டிக்கொண்டு நிற்கும். இயந்திரத்தில் உடைத்த கல்லுக்கு அந்த முனைகள் உண்டு. குவாரியில் 'கிரஷர் ரன்' என்று கேளுங்கள். பெருங்கல், சிறுகல், தூள் மூன்றும் கலந்து வரும். தூள் சந்துகளை அடைத்துக்கொள்ளும்.

நாம் சொன்ன அளவுக்கு, 10 சென்டிமீட்டர் கனத்தில், இடித்து இறுகிய பின் 3.6 கன மீட்டர் வரும். இடிக்கும்போது அமுங்குவதால் சுமார் நாலரை கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 7 டன் வாங்க வேண்டும். பள்ளம் நிரப்புவது தனிக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேற்புறம் மட்டும் இறுகும். இரண்டு படிவாகப் போட்டு, ஒவ்வொன்றையும் நனைத்து இடியுங்கள். கையில் எடுத்துப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம். திமிசு வாங்க வேண்டியதில்லை. எண்ணெய் டின்னில் சிமெண்டுக் கலவை ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயை நட்டால் ஆயிற்று.

அதன்மேல் குவாரித் தூள் 3 சென்டிமீட்டர். இதற்கு 2 டன்னுக்குச் சற்று மேல் பிடிக்கும். இதையும் நனைத்து இடித்துவிட்டு, கடைசியில் பொடிச் சல்லியை மெல்லத் தூவிவிட வேண்டும். கருங்கல் தூளை உலர்ந்த நிலையில் வாரி இறைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடி நுரையீரலில் தங்கிக் கேடு செய்யும். தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடும் முகக் கவசம் அணிந்து வேலை செய்யுங்கள். குழந்தைகளை அன்றைக்கு அருகில் விட வேண்டாம்.

ஓரத்துக்குக் கட்டை வேண்டும். தோட்டத்தில் எளிதில் கிடைப்பது ரப்பர் கட்டை. ஆனால் மருந்தூட்டாத ரப்பர் கட்டையைப் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் தின்றுவிடும். செங்கால் போன்ற வைரமரமோ சிமெண்டுக் கல்லோ வையுங்கள்.

நம் நாட்டு மழையை மறந்து கட்டிய எதுவும் நிலைப்பதில்லை. அகலவாக்கில் ஒரு பக்கம் 3 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்தப் பக்கத்து ஓரக்கட்டையில் இடைவெளி விட்டு, வெளியே ஒரு சிறு வாய்க்கால் வெட்டிச் சாக்கடையோடு சேர்த்துவிடுங்கள். வாய்க்காலில் நீர் தேங்கினால் ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறக்கத் தொடங்கும். விளையாட்டுக் களம் டிங்கிக் களமாகிவிடும்.

ஆட்டம் எளிது. தரையில் ஒரு சிறு வட்டம். அதற்குள் பாதம் ஊன்றி நின்று, 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் சிறு மரக்குண்டுக்கு அருகில் பந்தைப் போட வேண்டும். எதிரணியின் பந்தைத் தட்டிவிடவும் செய்யலாம். முதலில் 13 புள்ளி எடுத்த அணி வெல்லும். பந்து ஒவ்வொன்றும் 650 கிராமுக்குக் குறையாத இரும்பு. எறியும்போது எதிரே யாரும் நிற்கக் கூடாது. சன்னலுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் அருகில் களம் போடவும் கூடாது. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மரப் பந்து கொடுங்கள்.

எங்கள் களத்தில் இப்போது மாலை ஐந்தரை மணிக்கு இடம் பிடிக்கப் போட்டி. வாசற்படியை விட்டு இறங்காதிருந்த பாட்டிமார் இருவர் ஓர் அணி. பள்ளி மாணவர்கள் எதிரணி. பாட்டிமாரின் குறி தப்புவதில்லை. பால் வெட்டிய கை அல்லவா! பெருமழை பெய்த மறுநாள் காலையில் வாருகோலால் தூளை இழுத்துச் சமன் செய்வதும், ஆண்டுக்கு ஒரு முறை சில தள்ளுவண்டித் தூள் சேர்ப்பதும் மாணவர் அணியின் பொறுப்பு. தோற்றவர்கள்தான் வாரவேண்டும் என்று பாட்டிமார் வைத்த சட்டம் அது.