நீக்குங் கருவிக்கு எழுதும் விளக்கம்



மாரி காலத்தில் வவுனிக்குளம் வான் பாயுஞ் செய்தி முந்திக் கிடைத்தால் கமக்காரர் மாட்டை மேட்டுக்கு ஓட்டுவர். பிந்தினால் மாட்டையும் பயிரையும் ஒருங்கே இழப்பர். இத்தகைய எச்சரிக்கைகள் இன்று கைத்தொலைபேசிக்கும் வருகின்றன. கூடவே விளம்பரமும் வேண்டாச் செய்தியும் வந்து குவிகின்றன. அவற்றைத் தரம் பிரித்து, வேண்டாதவற்றை நிறுத்தச் செயற்கை நுண்ணறிவு முகவர் என்னுங் கணினிப் பணியாளும் வந்துவிட்டார். அப்பணியாளின் கையிற் கொடுக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றியே நாம் இன்று பேச விழைகின்றோம். எச்சரிக்கைச் சந்தாவை நீக்குவதே அக்கருவியின் வேலை.

2024 நவம்பரில் அந்திரொப்பிக் நிறுவனம் ‘மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டகோல்’ என்னும் பொதுமுறையை வெளியிட்டது. முகவர் எவ்வாறு கருவிகளை அழைப்பது என்பதை அது வகுத்துக் கூறுகின்றது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் பெயரும், விளக்கமும், கொடுக்கவேண்டிய விபரங்களின் அமைப்பும் உண்டு. கருவியின் உள்ளே என்ன எழுதியிருக்கின்றது என்பதை முகவர் பொதுவாகக் காண்பதில்லை. விளக்கத்தை வாசித்தே அழைப்பதா விடுவதா எனத் தீர்மானிக்கின்றார். ஆகவே அவ்விளக்கம் வெறும் குறிப்பன்று, ஏறக்குறையக் கட்டளையே.

‘சந்தாவை நீக்கும்’ என்று மட்டும் எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பேரன் ஒருவன், “அப்புவின் தொலைபேசிக்கு வரும் தொல்லைச் செய்திகளை நிறுத்து” என்கிறான். முகவர் விளம்பரத்தோடு வெள்ள எச்சரிக்கையையும் நீக்கிவிடுகின்றார். பேரன் நல்லதையே எண்ணினான். முகவரும் சொன்னதைச் செய்தார். குறை விளக்கத்திலேயே இருந்தது.

அவ்விளக்கம் நான்கு செய்திகளைக் கூறவேண்டும். முதலாவது, எது நீங்குகின்றது என்பது. சந்தா நீங்கினால் அறிவித்தல் நம்மிடம் வாராது, ஆபத்து நீங்குவதில்லை. ஓயாசிஸ் அமைப்பு 2004 இல் முதலில் வெளியிட்ட பொது எச்சரிக்கை முறையில், விடுத்த எச்சரிக்கையை இரத்துச் செய்யத் தனிச் செய்தியே உண்டு. அதனை விடுப்பது எச்சரிக்கை விடுத்தவர். சந்தாவை விடுவது பெறுபவர். இவ்விரண்டையும் மயக்குதல் கூடாது.

இரண்டாவது, மீட்க முடியுமா என்பது. முன்னர்க் கூறிய ‘மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டகோல்’ முறையின் 2025 மார்ச் பதிப்பில், கருவி அழிக்குந் தன்மையதா என்று குறிப்பிடவும் இடம் வைத்தனர். ஆனால் அது குறிப்பே. நம்பத்தகாத இடத்திலிருந்து வரும் கருவியாயின் அக்குறிப்பையும் நம்பலாகாது என்று அம்முறையே எச்சரிக்கின்றது. மூன்றாவது, இருமுறை அழைத்தால் என்ன நிகழும் என்பது. ஏற்கெனவே நீங்கிய சந்தாவை மீண்டும் நீக்கச் சொன்னால், வேறொன்றைத் தொடாது ‘அப்படி ஒன்று இல்லை’ என்று விடை வரவேண்டும். நான்காவது, நீக்காமற் சிலகாலம் நிறுத்திவைக்க வழியுண்டா என்பது. உண்டாயின் அதனையே முதலில் நாடுமாறு எழுதவேண்டும்.

“ஒவ்வொரு முறையும் மனிதரைக் கேட்டாற் போதாதா?” எனச் சிலர் வினவலாம். கேட்பது நன்றே. ஆயினும் நாளுக்கு ஐம்பது முறை கேட்டால் ஐம்பது முறையும் வாசியாமலே ஆம் என்போம். உயிர் காக்கும் அறிவித்தல் எது, வியாபார அறிவித்தல் எது என்பதைப் பிரித்துச் சொல்லி, முன்னதற்கு மட்டுங் கட்டாயம் கேட்கச் செய்வதே தக்கது.

இது சிறு விடயமன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவின் அருகே நிலம் நடுங்கி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின்னரே அலை நம் கிழக்குக் கரையை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் முல்லைத்தீவுக் கரைக்குச் சொல்ல ஒரு முறை இருக்கவில்லை. நாடெங்கும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. இந்து சமுத்திரத்துக்குச் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடும் அமைந்தது. அத்துணை விலை கொடுத்துப் பெற்ற செய்தி வழியை, அரைகுறையாக எழுதிய ஒரு வரி கடைசி வீட்டில் அறுத்துவிடலாகாது.

நம்மிற் கணினி பயிலும் இளைஞர் பலர். நிரல் எழுதுவதிற் காட்டும் ஊக்கத்தை விளக்கம் எழுதுவதிலுங் காட்டுவோமாக. எழுதியதை அத்துறை அறியாத பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவருக்கு விளங்கிய பின்னரே வெளியிடுவோமாக என்று கேட்டு அமைகின்றோம்.